பல்லுக்கு வெள்ளையடிக்கலாமா?

பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நல்ல வழக்கம். இன்றோ சுவரோடு நில்லாமல் பல்லுக்கும் வெள்ளையடிக்கும் காலம் வந்துவிட்டது. திருமணம் நிச்சயமான வீடுகளில் புடைவை, நகை, பந்தல் ஆகியவற்றின் கணக்கோடு பல் வெளுக்கும் செலவும் ஒரு வரியாக ஏறுகிறது. ரெயிலில் கூவி விற்கும் பொடி முதல் கண்ணாடிக் கதவிட்ட நிலையங்களின் நீல விளக்கு வரை, 'முத்துப்போன்ற பல்' தருவதாகச் சொல்லாதவர் இல்லை.

முத்துப்போன்ற பல் வேண்டும் என்னும் ஆசையை நாம் குறை கூற மாட்டோம். அகம் மலர்ந்தால் முகம் மலரும். முகம் மலர்ந்தால் பல் தெரியத்தான் தெரியும். பிறர்முன் வாய்விட்டுச் சிரிக்க அஞ்சி உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்ணின் துயரம் சிறியதன்று. ஆயினும் பல்லை வெளுக்கப் புறப்படுமுன், அது ஏன் நிறம் மாறிற்று என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்வியைக் கேளாமல் செய்யப்படும் செலவு பெரும்பாலும் வீண். சில வேளைகளில் கேடும் ஆகும். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வந்து குடியேறியுள்ள நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி மற்றவர்களைக் காட்டிலும் முக்கியமானது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

பல்லின் இயற்கை நிறம்

சுண்ணாம்பு வெண்மை பல்லின் இயற்கை நிறமன்று. பல்லின் மேற்புறத்தே 'எனாமல்' எனப்படும் பற்சிப்பி போர்வைபோல் மூடியுள்ளது. அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு கனிமப் பொருளே. மனித உடம்பில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. அது ஓரளவு ஒளி ஊடுருவக் கூடியது. அதன் கீழேயுள்ள 'டென்டின்' என்னும் பகுதி இயல்பாகவே மஞ்சள் சாயல் உடையது. மேலிருக்கும் சிப்பியின் வழியே உள்ளிருக்கும் மஞ்சள் சற்றே தெரிவதுதான் ஆரோக்கியமான பல்லின் நிறம். வயது ஏறஏறச் சிப்பி தேய்ந்து மெலிவதால் முதியோரின் பல் இன்னும் மஞ்சளாகத் தோன்றும்.

ஒன்றை மறத்தலாகாது. தோல் கிழிந்தால் வளர்கிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. பற்சிப்பி தேய்ந்தாலோ மீண்டும் வளர்வதில்லை. அதனை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் ஈற்றைக் கிழித்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே ஆறு ஏழு வயதில் முளைக்கத் தொடங்கும் நிலைப்பற்களின் சிப்பியே வாழ்நாள் முழுமைக்கும் உள்ள முதல். அம்முதலைத் தேய்த்துச் செலவழித்துவிட்டால் ஈடு செய்ய வழியில்லை.

இரு வகைக் கறை

கறை இரு வகைப்படும். ரெயில்வே ஊழியராகிய நமக்குப் பழகிய உவமை ஒன்று சொல்வோம். சிக்னல் விளக்கின் கண்ணாடியில் கரி படிந்தால் துணிகொண்டு துடைத்துவிடலாம். கண்ணாடியே சிவப்பாக வார்க்கப்பட்டிருந்தால் எத்தனை துடைத்தாலும் வெண்மை ஆகுமோ? பல்லின் கறையும் அத்தகையதே.

வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, தேநீர், காப்பி இவற்றால் படியும் கறை மேற்கறை. ஊத்தையும் காறையும் சேர்ந்து இறுகுவதும் இவ்வகையே. பல் மருத்துவர் கருவி கொண்டு சுத்தம் செய்தால் இவை நீங்கும். இவ்வாறு சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்னும் அச்சம் நம்மவரிடையே மிகுதி. உண்மை நேர்மாறானது. காறையே ஈற்றைக் கரைத்துப் பல்லை ஆட்டுவது. காறை இருந்த இடத்தில் அதனை நீக்கியதும் வெற்றிடம் தெரிவதால் பல் ஆடுவதுபோல் தோன்றுகிறது. பலருக்கு இந்தச் சுத்தம் ஒன்றே போதுமானது. வெளுக்கும் மருந்து தேவைப்படுவதில்லை.

பல் உருவாகும் காலத்திலேயே உள்ளே கலந்துவிட்ட நிறம் உட்கறை. கருவுற்ற தாயரும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் 'டெட்ராசைக்கிளின்' வகை மருந்துகளை உட்கொண்டால் குழந்தையின் பல்லில் பழுப்பும் சாம்பலுமான பட்டைகள் விழக்கூடும். அடிபட்டு உள்நரம்பு செத்த பல் ஒன்று மட்டும் கறுத்துப்போகும். குடிநீரால் வரும் கறையும் உட்கறையே. இவற்றைப் பொடியும் பசையும் தொடா.

வீட்டு முறைகள்

நம் பாட்டிமார் காலத்தில் உமிக்கரி, செங்கற்பொடி, சாம்பல், உப்பு இவையே பற்பொடி. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பதும் நாம் அறிந்ததே. மென்று நாராக்கிய குச்சியால் மெல்லத் துலக்குவதில் பிழையில்லை. செங்கற்பொடியும் கரடுமுரடான கரியும் அப்படிப்பட்டவையல்ல. அவை கறையைக் கரைப்பதில்லை. உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பதுபோல் சிப்பியையே தேய்க்கின்றன. தேய்த்த அன்று பல் பளிச்சிடும். ஆண்டுகள் கழிந்து சிப்பி மெலிந்தபின் உள்ளிருக்கும் மஞ்சள் முன்னிலும் மிகுதியாகத் தெரியும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். வெண்மையை நாடித் தேய்த்தவர் இறுதியில் பெறுவது மஞ்சளே. அதே கரியை இன்று அழகிய குழாயில் அடைத்து உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். அதன் வெண்மை வாக்குறுதிக்குப் போதிய சான்று இல்லை என்று பல் மருத்துவ ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

எலுமிச்சம்பழத் தோலால் பல்லைத் தேய்க்கும் வழக்கம் அதனினும் பொல்லாதது. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் எண் குறையக் குறையப் புளிப்பு மிகுதி. 5.5க்குக் கீழே போனால் பற்சிப்பி கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறோ 2க்கும் 2.5க்கும் இடைப்பட்டது. சாற்றில் இளகிய சிப்பியை உப்பால் தேய்ப்பது, நனைந்த மண்சுவரைத் துடைப்பத்தால் பெருக்குவதற்கு ஒப்பாகும்.

புகையிலை கலந்த பற்பொடி பற்றியும் ஒரு வார்த்தை. பல்வலியை அடக்குகிறது என்று கருதி இதனைத் தேய்த்துப் பழகிய தாய்மார் பலர். அடக்குவது வலியையன்று, நம்மைத்தான். பழகியபின் நாளொன்றுக்கு நான்கு ஐந்து முறை தேய்க்காமல் இருக்க முடிவதில்லை. புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் செய்வதையும் விற்பதையும் இந்திய அரசு 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் தடை செய்தது. அத்தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. ஆகவே பெயரும் கலவையும் அச்சிடாத பொட்டலத்தை வாங்குதல் கூடாது. சீட்டு தெலுங்கில் இருந்து படிக்க இயலாவிடின் பள்ளியில் தெலுங்கு கற்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவர் செய்யும் வெளுப்பு

இனி மருத்துவ முறைக்கு வருவோம். அதன் உயிர்நாடி 'ஹைட்ரஜன் பெராக்சைடு' என்னும் திரவம். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பல்வரிசை சீராக்கும் மருத்துவர் ஒருவர், ஈற்றுப் புண்ணுக்காக இவ்வகை மருந்தை இரவில் அச்சுத் தட்டில் இட்டுப் பல்லில் அணியச் செய்தார். புண் ஆறியதோடு பல்லும் வெளுத்திருக்கக் கண்டார். 1989இல் வட கரோலினாவைச் சேர்ந்த ஹேவுட், ஹெய்மன் என்னும் இருவர் அம்முறையை ஆராய்ந்து வெளியிட்டபின் அது உலகெங்கும் பரவியது.

இம்மருந்து பல்லைத் தேய்ப்பதில்லை. சிப்பியின் நுண்ணிய இடைவெளிகளுட் புகுந்து நிறப்பொருளை உருக்குலைக்கிறது. வீட்டில் இரவில் அணிவதற்கு மருத்துவர் தரும் 'கார்பமைடு பெராக்சைடு' 10 சதவீதக் கூழில் ஏறத்தாழ 3.5 சதவீத அளவே ஹைட்ரஜன் பெராக்சைடு உளது. மருத்துவமனையில் ஒரே அமர்வில் வெளுக்க 25 முதல் 40 சதவீதம் வரை வலிமையுள்ளதைப் பூசுவர். அது ஈற்றில் பட்டால் வெந்து வெளுத்துவிடும். ஆகவே முதலில் ஈற்றுக்குக் காப்பு இட வேண்டும். நீல விளக்கு கண்ணைக் கவர்வது. வெளுப்புக்கு அது பெரிதும் துணை செய்வதாக உறுதிப்படவில்லை.

தகுதியுடைய மருத்துவர் வாயைச் சோதித்து, அளவோடு செய்தால் இது பெரும்பாலும் தீங்கற்றதே. பல் கூச்சமும் ஈற்று எரிச்சலும் பலருக்கு உண்டாகும். நிறுத்தினால் சில நாளில் தணியும். சொத்தையோ வெடிப்போ உள்ள பல்லில் பூசினால் மருந்து உள்நரம்பை எட்டிக் கடும் வலி தரும். அடைத்த சிமெண்டும் கட்டிய பல்லும் நிறம் மாறா. சுற்றியுள்ள பல் வெளுக்க, இவை மட்டும் தனித்துத் தெரியும். கருவுற்றோரும் பாலூட்டும் தாயரும் இதனைத் தள்ளிவைத்தல் நன்று. வெண்மையும் நிலையானதன்று, தேநீரும் வெற்றிலையும் தொடர்ந்தால் பழைய நிறம் மெல்ல மெல்லத் திரும்பும்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கருதுகின்றன என்பதை அறிதல் பயன் தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012ஆம் ஆண்டு முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருளைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. 18 வயது நிரம்பாதவர்க்குப் பயன்படுத்தலாகாது. பல் வெளுப்பது பல் மருத்துவத் தொழிலின் பகுதியே என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்தலைச் சட்டம் தடுக்கிறது. முடி திருத்தும் நிலையத்திலும் அழகு நிலையத்திலும் பல்லைக் காட்டுவது அறிவுடைமையாகாது.

அழகுக்காகச் செய்வதாயினும் சிகிச்சை சிகிச்சையே. 2024 பிப்ரவரியில் ஐதராபாத்தில் புன்னகையைச் சீரமைக்கும் பல் சிகிச்சைக்குச் சென்ற ஒருவர் உயிரிழந்தார். மயக்க மருந்து மிகுந்ததே காரணம் என்று குடும்பத்தினர் புகார் கூற, காவல் துறை வழக்குப் பதிவு செய்தது. அது வெறும் வெளுப்பன்று, பெரிய சிகிச்சை. எனினும் 'சிறு வேலைதான், ஒரு மணியில் முடிந்துவிடும்' என்று சொல்லப்படும் எதற்கும் முன்னதாக, நமக்குள்ள நோயையும் உண்ணும் மருந்தையும் ஒவ்வாமையையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நம் பகுதிக்குரிய கறை

முதலில் நாம் குறிப்பிட்ட காரணத்தை இப்போது கூறுவோம்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஊர்ப்புறத்தே ஆழ்குழாய்க் கிணறு உள்ள வீட்டில் பல ஆண்டுகள் குடியிருந்தது. பிள்ளைகள் இருவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூத்த பெண்ணுக்கு நிலைப்பற்கள் முளைக்கையிலேயே சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடும் இருந்தன. பள்ளியில் உடன் படிக்கும் பிள்ளைகள் 'பல் துலக்காதவள்' என்று கேலி செய்தனர். தாயோ நாள்தோறும் இருமுறை செங்கற்பொடியிட்டு, ஈற்றில் இரத்தம் கசியுமளவும் தேய்த்துவிட்டாள். கறை இம்மியும் நகரவில்லை. பின்னர்ப் பல் மருத்துவர் ஒருவர் வாயைப் பார்த்துவிட்டுப் பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். 'எந்தத் தண்ணீர் அம்மா குடிக்கிறீர்கள்?' என்றே கேட்டாராம்.

அம்மருத்துவர் கேட்டது சரியான கேள்வி. அதன் வரலாறு நெடியது. 1901ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்ய வந்த மெக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கக் கண்டு வியந்தார். முப்பது ஆண்டு தேடலுக்குப்பின், 1931இல் சர்ச்சில் என்னும் வேதியியலார் குடிநீரிலுள்ள 'புளோரைடு' உப்பே காரணம் என்று கண்டார். 1937இல் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநர் ஷார்ட் என்பவரும் துணைவரும் அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், இதே உப்பால் பல் கறைபடுவதோடு முதுகெலும்பும் மூட்டும் விறைத்து மக்கள் முடமாவதை ஆராய்ந்து வெளியிட்டனர். அந்நெல்லூர் நம் அண்டை மாவட்டம். 2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதன் சில பகுதிகள் இதனோடு சேர்க்கப்பட்டன. ஆந்திரத்தில் புளோரைடு மிகுந்த நிலத்தடி நீருள்ள இடங்களைக் கொண்ட மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று. இங்குள்ள கருங்கற் பாறைகளிலிருந்து இவ்வுப்பு நீரில் கரைகிறது. கிணறு ஆழமாக ஆழமாக, பாறையோடு நீர் பழகும் காலமும் மிகுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதன்று. அங்கும் இத்தொல்லை மிகுதியாதலின், புளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே ஒகேனக்கல் காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் செயற்பாட்டுக்கு வந்தது. ஓர் அரசு பல்லுக்குப் பொடி கொடுக்கவில்லை, நீரை மாற்றிற்று. நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே.

பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை, பல் ஈற்றினுள் உருவாகும் காலத்தில் குடித்த நீரால் விளைவது இக்கறை. அழுக்கினால் வந்ததன்று; சோம்பலால் வந்ததன்று; குலவழி வரும் நோயும் அன்று. பெண் பார்க்க வரும் பெரியோர் இதனை உணர வேண்டும். பழுப்புப் பல் கண்டு ஒரு நல்ல பெண்ணை வேண்டாம் என்று சொல்வது, அவள் வீட்டுக் கிணற்றுக்காக அவளைத் தண்டிப்பதாகும்.

இக்கறையை வெளுக்க முயன்றால் முதலில் வெண்திட்டுகள் இன்னும் எடுத்துத் தெரியக்கூடும். மேலோட்டமான கறையானால் மருத்துவர் மிக மெல்லிய படலத்தை நீக்கிச் சீராக்குவார். ஆழ்ந்த கறையானால் பல்லின் முகப்பில் பற்சிப்பி நிறத் தகடு ஒட்டுவதுண்டு, அதற்குப் பெரும்பாலும் நல்ல சிப்பியைச் சிறிது சீவ வேண்டும், சீவியது திரும்பாது. ஆகவே வளர்ச்சி முடிந்தபின், இரண்டு மருத்துவரைக் கலந்து, பொறுமையாக முடிவு செய்க.

செய்ய வேண்டுவன

நீரைச் சோதித்தலே முதற்கடமை. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர் கிடையாத இடத்தும் 1.5க்கு மேற்படலாகாது. கிராமியக் குடிநீர்த் துறையின் ஆய்வுக்கூடத்தில் கேட்டுச் சோதித்துக் கொள்ளலாம். நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அது செறியும். சவ்வூடு வடிகட்டும் எந்திரமும், அரசினர் தரும் ஆற்று நீரும், தூய்மையாகச் சேமித்த மழைநீரும் துணை செய்யும். கைக்குழந்தையும் கருவுற்ற மகளும் உள்ள வீடுகளில் இதனை நாளைக்கு என்று தள்ளலாகாது. மூத்த பிள்ளையின் பல் கறைபட்டிருந்தால் இளைய பிள்ளையைக் காக்க இன்னும் காலம் உண்டு.

நீரிலுள்ள மிகையான புளோரைடை அஞ்சிப் பற்பசையைக் கைவிடவும் வேண்டா. பசையிலுள்ள புளோரைடு சொத்தையைத் தடுப்பது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், அதன்மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குக. நீரில் புளோரைடு மிகுந்த இடத்தே வசிப்போர் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க.

நிறம் சில வேளை நோயின் அறிவிப்பாகும். ஒரு பல் மட்டும் கறுத்தால், கருஞ்சிறு குழி தெரிந்தால், புகையிலை அடக்கும் கன்னத்தில் துடைத்தாலும் போகாத வெண்படலம் இருந்தால், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் வெளுப்பதை மறந்து மருத்துவரிடம் விரைக. அவ்வெண்படலம் புற்றுநோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம்.

மொழி தெரியாது என்று மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர் நம்மிடையே உளர். பல்லைத் தெலுங்கில் 'பன்னு' என்பர், பலவாயின் 'பள்ளு'. நம் சொல்லுக்கு உறவான சொல்லே. சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ் புரிந்துகொள்ளும் மருத்துவர் பலர். வேலூரும் தொலைவில் இல்லை. சென்றதும், 'இவர் பதிவு பெற்ற பல் மருத்துவரா? பூசும் மருந்தின் பெயரும் அளவும் யாவை? என் பல் நிறம் மாறியதற்குக் காரணம் யாது?' என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லாமலே மருந்து பூச வருபவரிடம் கைகூப்பி விடைபெறுதல் நலம்.

பல்லுக்கு வெள்ளையடிக்கலாமா என்று கேட்டோம். நோயற்ற வாயில், தகுதியுடையார் கையால், தேவையறிந்து செய்யின் தவறில்லை. ஆனால் சுவரில் ஈரம் கசியும்போது வெள்ளையடிப்பவரை ஊரார் நகைப்பர். கசிவை அடைத்தபின்னரே சுண்ணாம்புச் சட்டியைத் தொட வேண்டும். இத்திங்கள் தீருமுன் நம் சங்கத்து ஒவ்வொரு குடும்பமும், பிள்ளைகளின் பல்லை ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பார்க்கட்டும். பின் அவர்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கட்டும்.